நங்கநல்லூரில் வீடு வாங்க, விற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை நங்கநல்லூரில் வீடு தேடுகிறவர்களும், பெற்றோர் கட்டிய வீட்டை இனி என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் விலை படியாமல் நின்றுபோகும் பேரங்களைவிட, குடும்பத்துக்குள் முடிக்காமல் விட்ட காகிதங்களால் நின்றுபோகும் பேரங்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் பத்திரம், வாரிசு பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

குடும்பங்கள் ஏன் இந்தப் பகுதியைத் தேடி வருகின்றன?

டிஎன்ஜிஓ காலனி, வோல்டாஸ் காலனி, சிவில் ஏவியேஷன் காலனி என்ற பெயர்களே ஊரின் கதையைச் சொல்லும். மாதச் சம்பளக்காரர்கள் ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி), அரை கிரவுண்ட் வாங்கிக் கடன் போட்டுக் கட்டிய தெருக்கள் இவை. கடைகளும் சத்தமும் மெயின் ரோடுகளோடு நின்றுவிடும். உள்தெருக்கள் அமைதியாக இருக்கும். 32 அடி ஆஞ்சநேயர், ராஜராஜேஸ்வரி, அர்த்தநாரீஸ்வரர் என்று கோயில்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயில் பல காலமாக நிற்கிறது. 2016 செப்டம்பரில் ஜிஎஸ்டி சாலையில் நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையமும் திறந்தார்கள். வயதானவர்கள் காரை எதிர்பார்க்காமல் வாழலாம் என்பதுதான் என் கண்ணில் இந்த ஊரின் பெரிய பலம்.

விளம்பரத்தில் ‘நங்கநல்லூர்’ என்று போட்டால் நம்பலாமா?

பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூவரசம்பட்டு, உள்ளகரம், ஆதம்பாக்கம் ஓரத்து வீடுகளையும் நங்கநல்லூர் என்றே விளம்பரம் செய்வார்கள். இதில் தப்பில்லை, அந்தப் பகுதிகளும் நல்லவைதான். ஆனால் நிர்வாகம் வேறுபடும். ஆலந்தூர் நகராட்சியில் இருந்த நங்கநல்லூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்திலேயே உள்ள மூவரசம்பட்டு அந்த இணைப்பில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. குடிநீர், கழிவுநீர், சொத்து வரி, கட்டட அனுமதி எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். கடைசி சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் வீடு யார் எல்லையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பத்திரத்தில் வருவாய் கிராமம் ‘தலக்கணாஞ்சேரி’ அல்லது ‘பழவந்தாங்கல்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுக்கா என்றும் இருக்கும். ஆலந்தூர் தாலுக்கா சென்னை மாவட்டத்துக்குள் வந்ததே 2018-ல்தான்.

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா?

சில தெருக்களில் நிற்கும், சிலவற்றில் நிற்காது. ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து பள்ளிக்கரணைப் பக்கம் போகும் வீராங்கல் ஓடையை ஒட்டிய தாழ்வான இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பலத்த மழையில் பழவந்தாங்கல், தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் ஜிஎஸ்டி சாலைப் பக்கமோ வேளச்சேரிப் பக்கமோ போவது சிரமமாகிவிடும்.

வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் தெருவில் நின்று வாசலைப் பாருங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய தனி வீடுகள் பல, தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. கேட்டைத் திறந்ததும் கீழே இறங்க வேண்டியிருந்தால் மழைநீர் எங்கே போகும் என்று கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, தரையிலிருந்து உயரே மாற்றி வைத்த இபி பெட்டி, சம்ப் மூடியைச் சுற்றிப் புதிதாகக் கட்டிய விளிம்பு, இவை மூன்றும் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லிவிடும். அப்புறம் எதிர்வீட்டுப் பெரியவரிடம் ‘2015-ல் எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார்.

விமானச் சத்தம்?

இடத்துக்கு இடம் மாறும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருமுறை மொட்டை மாடியில் அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இடித்துக் கட்டும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் எத்தனை மாடிக்கு அனுமதி கிடைக்கும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஃப்ளாட் நல்லதா, புது ஃப்ளாட் நல்லதா?

கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. அதனால் உங்கள் பங்குக்கு எவ்வளவு மண் வருகிறது என்று பாருங்கள். அதைத்தான் யூடிஎஸ் என்கிறோம், பிரிக்கப்படாத பாகம். முன்பு ஒரு மனையில் அதன் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு கட்ட அனுமதி இருந்தது, இப்போது இரண்டு மடங்கு. ஆகவே 1,000 சதுர அடி பழைய ஃப்ளாட்டுக்குக் கிட்டத்தட்ட 660 சதுர அடி மண் வரலாம். அதே அளவுள்ள புது ஃப்ளாட்டுக்கு 500 வந்தாலே பெரிது. லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடம் போதவில்லை என்ற காரணங்களுக்காகப் பழைய ஃப்ளாட்டை ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே சமயம் பழைய ஃப்ளாட்டில் அசோசியேஷன் நடக்கிறதா, மெயின்டனன்ஸ் பாக்கி உண்டா, கழிவுநீர்க் குழாய் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். குளியலறைக்குக் கீழே உள்ள வீட்டுக்காரரிடம் போய் ஒழுகல் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

புது ஃப்ளாட்டுக்கு ரெரா எண் தேவையில்லை என்று பில்டர் சொல்கிறாரே?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்வது கட்டாயமில்லை. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டைச் சேர்த்தாலும் 446 சதுர மீட்டர்தான். இங்கே கட்டும் சின்னச் சின்னக் குடியிருப்புகளில் பல இப்படி ரெரா வரம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதில் வாங்குபவருக்கு ஒரு இழப்பு உண்டு. பெரிய ப்ராஜெக்ட் என்றால் அனுமதி, வரைபடம், முடிக்கும் தேதி எல்லாம் ரெரா தளத்தில் பார்வைக்கு இருக்கும். இங்கே அதெல்லாம் உங்கள் பொறுப்பு. அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, அதில் எத்தனை வீடு, எத்தனை மாடி, கார் நிறுத்தம் எங்கே என்று பார்த்து, கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் மொட்டை மாடியாக இருக்கும் இடத்தில் ஒரு வீடு எழும்பியிருந்தால் அதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என்னென்ன பத்திரங்களைப் பார்க்க வேண்டும்?

தாய்ப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்), பட்டா, அனுமதி வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி, இபி ரசீதுகள் இவையும் வேண்டும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அடமானக் கடன் அடைபட்டிருந்தாலும் அதற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று அதில் பாருங்கள். கடனைக் கட்டி முடித்துவிட்டு இதை மட்டும் செய்யாமல் விட்டவர்கள் நிறைய. இங்கே பழைய வீடுகளின் அனுமதி வரைபடத்தில் ஆலந்தூர் நகராட்சி முத்திரைதான் இருக்கும்; அது செல்லும்.

சொத்து விவரத்தை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள். ‘கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி’ என்று இருக்கும். கூடவே நான்கெல்லையும் இருக்கும்: வடக்கே இந்த எண் மனை, கிழக்கே 30 அடி ரோடு என்று. பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனையின் நான்கு மூலைக்கும் நடந்து பாருங்கள். பின்பு பட்டாவைப் பாருங்கள். அதில் அளவு சதுர மீட்டரில் இருக்கும். 223 இருக்க வேண்டிய இடத்தில் 215 இருந்தால் 8 சதுர மீட்டர், அதாவது 86 சதுர அடி குறைகிறது. சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்தாலே 8.6 லட்சம். பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு அடி உள்ளே வந்திருக்கலாம், பழைய அளவீட்டில் பிழை இருக்கலாம். எதுவானாலும் சர்வேயரை வைத்து அளந்து, எந்த அளவுக்கு விலை என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் காவல்துறையின் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் மூன்றும் வேண்டும். அது உண்மையிலேயே தொலைந்ததா, எங்கேயாவது கடனுக்கு அடகில் இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அப்பா காலமாகிவிட்டார். வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டால் விற்கலாமா?

நங்கநல்லூரில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பல வீடுகளுக்கு அப்பா போய்ப் பத்து, பதினைந்து வருடமான பிறகும் வரி அவர் பெயரில்தான் போகிறது. பட்டாவும் மாறியிருக்காது. வீட்டில் யாரும் சண்டைக்காரர்கள் இல்லை, ‘பார்த்துக்கலாம்’ என்று விட்டிருப்பார்கள். வாங்குபவர் அட்வான்ஸோடு வந்து நிற்கும்போதுதான் இதெல்லாம் ஞாபகம் வரும்.

இந்து குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் போயிருந்து, வீடு அவரது சொந்தச் சம்பாத்தியம் என்றால், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. திருமணம் ஆகிப் போன அக்காவுக்கும் தங்கைக்கும் உண்டு. நகை போட்டுக் கல்யாணம் செய்து வைத்ததால் அவர்கள் பங்கு தீர்ந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வது சட்டத்தில் செல்லாது. அக்கா முன்பே தவறியிருந்தால் அவர் பிள்ளைகளுக்கு அந்தப் பங்கு போகும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: அப்பா தவறிய அன்று பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தாரா? இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டி பின்னால் உயில் எழுதாமல் தவறியிருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அப்படியென்றால் சித்தப்பா, அத்தை கையெழுத்தும் தேவைப்படும். வங்கி வழக்கறிஞர் இதைக் கேட்டுக் கடனை நிறுத்திவைத்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்பது நியாயம்.

செய்ய வேண்டிய முறை இது. இறப்புச் சான்றை வைத்து தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்குங்கள். எல்லா வாரிசுகளும் சேர்ந்தே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அவர் விற்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப் பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை மாற்றத்தில் அவை 40,000 ரூபாய், 10,000 ரூபாய் ஆயின. சொத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

அம்மா இருக்கிறார் என்றால் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். விற்ற பிறகு அவர் எங்கே இருப்பார், அவர் பங்குப் பணம் எந்தக் கணக்கில் போகும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பிள்ளைகள் எல்லோரும் அவர் எதிரிலேயே பேசி முடியுங்கள். நாற்பது வருடம் தினமும் கோலம் போட்ட வாசலை விட்டுப் போகச் சொல்கிறோம். ‘நீ ஒரு கையெழுத்து போட்டாப் போதும்மா’ என்று அதை முடித்துவிடக் கூடாது.

வாரிசுகளில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். வர முடியாது என்கிறார்.

பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். அங்கே இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ, நோட்டரி செய்து, அந்நாட்டு அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையோடோ கையெழுத்திட்டு அனுப்புவார்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். அந்தத் தேதி தவறினால் வேலை இரட்டிப்பாகும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவின்போது கேட்பார்கள்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் போதும். வெளிநாடுவாழ் இந்தியரின் பங்குக்கு அந்த 1 சதவீதமும் இல்லை, 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. நீண்டகால ஆதாயத்துக்கான 12.5 சதவீதத்தோடு சர்சார்ஜ், செஸ் சேர்த்துப் பிடிக்க வேண்டும். குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்ற சான்றை வருமான வரித்துறையிடம் வாங்காவிட்டால், லாபத்தைப் பார்க்காமல் அவர் பங்குத் தொகை முழுவதற்கும் பிடிப்பதே வழக்கம். சான்று கிடைக்க நாளாகும் என்பதால் வாங்குபவர் கிடைத்ததுமே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

பத்திர நகல்களை வழக்கறிஞர் பார்த்து முடிக்கும்வரை சிறு டோக்கன் தொகை போதும். அதற்குப் பிறகு ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ‘தெரிஞ்சவங்கதானே’ என்று வெள்ளைத்தாளில் எழுதி லட்சக்கணக்கில் கொடுப்பது இன்னும் நடக்கிறது. தெரிந்தவர்கள் என்பதால்தான் பதிவு செய்ய வேண்டும் என்பேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அதே கோயிலில், அதே காய்கறிக் கடையில் முகம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். எத்தனை மாதத்துக்குள் பதிவு, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா, வாரிசு யாராவது மறுத்தால் என்ன என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பதிவுச் செலவு எவ்வளவு வரும்?

கைமாறும் வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு வாங்கினால் 5.6 லட்சமும் 1.6 லட்சமும், ஆக 7.2 லட்சம். பேசிய விலை, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்கே கட்ட வேண்டும். தெரு வாரியாக அதை டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்க்கலாம். பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரில் தீர்வையைக் குறைத்தார்கள்: 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி.

வங்கிக் கடன் இந்தச் செலவுக்கு வராது என்று எண்ணிக்கொண்டு கையில் பணம் வைத்திருங்கள். விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத டிடிஎஸ்ஸை விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து கழித்து நீங்கள் கட்ட வேண்டும். 80 லட்சத்துக்கு 80,000 ரூபாய். கழித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

விற்பவருக்கு வரி எவ்வளவு?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாடுவாழ் பிள்ளைக்கு இந்தத் தெரிவு இல்லை. பெற்றோரிடமிருந்து வந்த வீட்டுக்கு அவர்கள் வாங்கிய விலையும் தேதியுமே கணக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முந்தைய வீடு என்றால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆடிட்டரை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள்.

பாதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வாங்கியவருக்கு வரும். உங்களுக்கும் நஷ்டம்தான்: நாளை நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் உள்ள குறைந்த விலைதான் உங்கள் வாங்கிய விலை.

பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட பில்டர் கேட்கிறார். ஒருவர் மட்டும் மறுக்கிறார்.

2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். ஆனாலும் எட்டு வீடுள்ள இடத்தில் சட்டத்தைக் காட்டி ஆரம்பிக்காதீர்கள். மறுப்பவர் பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவர். இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருக்க வேண்டுமே, அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவருக்கு. அதே தெருவில் தரைத்தள வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதையும், சாமான் மாற்றும் செலவையும், தாமதமானால் கூடுதல் வாடகையையும் பில்டர் ஒப்பந்தத்திலேயே எழுதவையுங்கள். அப்புறம் பேசிப் பாருங்கள்.

புரோக்கர் வேண்டுமா?

ஊரை அறிந்த புரோக்கர் உதவிதான். வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் 1 சதவீதம். சிலர் 2 கேட்பார்கள். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புது ரயில் பாதை வரப்போகிறது என்று சொல்லி விலை ஏற்றுவதை மட்டும் கேட்காதீர்கள். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் எத்தனை வருடம் இழுத்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று ஓடுகிற ரயிலுக்கு விலை கொடுங்கள்.

பதிவு முடிந்த பிறகு?

பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, இபி நான்கையும் உங்கள் பெயருக்கு அந்த மாதமே மாற்றுங்கள். சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். அசல் எங்கே இருக்கிறது, லாக்கர் சாவி எங்கே என்பதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். உயில் எழுதுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.